விளக்கு எரிவதற்கு முன்

ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிய ஜீப்பை ஓடைக்குள் இறக்கியவன் நான்தான். யானை குறுக்கே வரவில்லை, பிரேக்கும் நன்றாகத்தான் இருந்தது. "என்னைக் கட்டிக்கிட்டா நீ மலை வேலைக்கே வரவேணாம் புள்ள, என்ன சொல்றே?" என்று, இரண்டு வருசமாக மனசில் வைத்திருந்ததைப் பக்கத்திலிருந்த அத்தை மகள் பொன்னுமணியிடம் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். சாலை மறுபக்கம் திரும்பியது.

என் மண்டையைத் தவிர யாருக்கும் அடியில்லை. "மதுரையில மூளையைச் சோதிச்சுட்டு வா, அப்புறம் சாவி தர்றேன்" என்றார் முதலாளி. எனக்கு அது உண்டென்று அவர் நம்பியதே பெருமையாக இருந்தது.

துணைக்கு ஆயம்மாள் அத்தையும் பொன்னுமணியும் வந்தார்கள். பஸ்சில் ஆண்டிபட்டி வந்தது, உசிலம்பட்டி வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மரியாதைக்காக நான் தலை நிறைய எண்ணெய் தேய்த்துப் போயிருந்ததால், மண்டையில் ஒட்டிய ஒயர் வைத்த வில்லைகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. டாக்டர் பஞ்சால் துடைத்துத் துடைத்து ஒட்டினார். இயந்திரத்தின் முட்கள் காகிதத்தில் என் மூளையைக் கோடு கோடாகக் கிழித்தன.

"அடிபட்டதுல கோளாறு ஒண்ணுமில்ல. நான் ஒரு ஆராய்ச்சி பண்றேன், கொஞ்சம் உக்காருறீங்களா? டக்குன்னு சத்தம் கேக்கும். கொஞ்சம் கழிச்சு விளக்கு எரியும். எரிஞ்சதும் பொத்தானை அழுத்தணும். நடுவுல காத்திருக்கும்போது மூளையில மின்சாரம் மெல்ல ஏறும். பல தடவை எடுத்துக் கூட்டிப் பாத்தா கோடாத் தெரியும்."

"எனக்கு ரெண்டு வருசமா ஏறிக்கிட்டுத்தான் சார் இருக்கு."

டக். அழுத்தினேன். விளக்கு பிறகுதான் எரிந்தது. மறுபடி டக். மறுபடியும் முந்திவிட்டேன்.

"கவனம் எங்கய்யா இருக்கு?" என்ற டாக்டர், என் கண் போன திசையில் பார்த்தார். வாசலில் பொன்னுமணி.

அத்தைதான் போட்டு உடைத்தாள். "இவளைக் கட்டிக்கக் கேட்டான் சார். இவ வாயெடுக்கவும் ஓடைக்குள்ள விட்டுட்டான். அதோட அந்தப் பேச்சும் நின்னுபோச்சு."

டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினார். "ஏதாவது ஒண்ணு சொல்லிருங்கம்மா. இல்லேன்னா என் சோலி நடக்காது."

பொன்னுமணி உள்ளே வந்து, ஒயர்களுக்கு நடுவில் என் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"கட்டிக்கிறேன் மச்சான். ஆனா மலைக்குப் போறத விடமாட்டேன். எங்கூட்டாளிக, எஞ்சம்பளம் எல்லாம் அங்கதான். நீ அதை விடச் சொன்னதுக்குத்தான் இத்தன நாளா வாயடைச்சுக் கெடந்தேன்."