மாமனார் பெயரில் ஒரு பள்ளி

நாரின் என்கிற எங்கள் மலை மாவட்டத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம், அதற்குத் தடையில்லை. என் தோழி புருலாய் ஏமாந்தது அங்கேதான்.

பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வேண்டும் என்று வருடக்கணக்கில் அலைந்தவள் அவள். கடைசியில், ஆட்டு வியாபாரத்தில் கொழுத்த தன் மாமனார் ஒமுர்சாக்கிடமே போய், "உங்க பேரையே வெச்சிடறேன் மாமா" என்று கெஞ்சிக் கட்டடம் வாங்கினாள். விண்ணப்பத்தில் அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். தலைமையாசிரியை அவள், கணக்கு டீச்சர் நான் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பெயரை ஒருநாள் சொல்லவும் வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

திறப்பு விழாக் காலையில், விருந்தாளிகளுக்கு மாவுத் துண்டு பொரித்துக்கொண்டே மாமியார் சூராகான் சொன்னாள்: "மைக்குல என் புருஷன் பேரைச் சொன்னேன்னு வை, அப்படியே உங்கப்பன் வீட்டுக்குப் போயிரு. பேத்தி இங்கதான் இருப்பா."

"பள்ளிக்கூடத்துப் பேருதானே அத்தை?"

"பேரு பேருதான்டி."

மாவட்டக் கல்வி அதிகாரி மைக்கை நீட்டினார். "பேரைச் சொல்லித் திறந்து வையுங்கம்மா."

"எங்க... பெரியவர் பேர்ல இருக்குற பள்ளியை..."

"எந்தப் பெரியவர்? ஊர்ல பாதிப் பேருக்குத் தாடி நரைச்சிருக்கே!" என்றார். கூட்டம் சிரித்தது. வழக்கம் தெரியாதவரா அவர்? அவர் வீட்டு மருமகளும் அவர் பெயரைச் சொல்ல மாட்டாள்.

முன்வரிசையில் சூராகான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து புருலாயின் சின்ன மகள் அய்பீகே மேடைக்கு ஓடி வந்தாள். "ஒமுர்சாக் பள்ளிம்மா! ஒமுர்சாக்!"

பேத்தி சொன்னால் குற்றமில்லை.

"குழந்தைக்குத் தெரியுது, தலைமையாசிரியைக்குத் தெரியலை. நாளைக்கு ஆபீஸ்ல போன் அடிச்சா என்னன்னு சொல்வீங்க?" என்ற அதிகாரி, மைக்கைப் பிடுங்கி உடற்பயிற்சி வாத்தியாரிடம் கொடுத்தார். அவன் தொண்டை கிழியக் கத்தினான். பெயர்ப்பலகையின் துணி விலகியது. தலைமையாசிரியர் நாற்காலியும் அந்த இடத்திலேயே அவனுக்குப் போனது.

கிழவர் ஒமுர்சாக் எழுந்து பேசினார்.

"யாரும் அவளைக் கோவிச்சுக்காதீங்க. வேலையை விட்டாலும் விட்டா, என் பேரைச் சொல்லலை பாத்தீங்களா! இங்க படிக்கப்போற பொண்ணுங்க எல்லாம் என் மருமகளைப் பாத்துக் கத்துக்கணும்."

ஊரே கைதட்டியது. அம்மாவுக்குப் பாராட்டு என்று அய்பீகே எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். மாமனார் புகழ்ந்தால் மருமகள் குனிந்து வணங்க வேண்டும். புருலாய் வணங்கினாள்.