மூன்றாவது வேர்

பல் வலி எனக்கு. தெருவில் விசாரணை நடந்ததோ என் குணத்தைப் பற்றி.

விழுப்புரத்தில் ரூட் கெனால் முடிந்து பல் மேல் கேப்பும் போட்டாகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. என் கணவர் ஷமீம் லீவு முடிந்து சவுதியில் இருக்கும் தம்மாமுக்குப் போன வாரத்தில்தான் அது ஆரம்பித்திருந்தது. போதாதா? "புருஷன் திரும்பி வரட்டும்னு நடிச்சிக்கினு கெடக்குது" என்று என் மாமியார் நஃபீசா பீவி கோட்டக்குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள். வலி வருவதென்றால் அவர்கள் ஊரில் இருக்கும்போதே வந்துவிட வேண்டும் போலிருக்கிறது. இவரும் போனில், "மனச தைரியமா வச்சிக்க பெனாசிர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிப்பது கடைவாய்ப் பல், மனசா?

கடைசியாகத் திண்டிவனத்துக்குப் போனேன். மாமியும் கூடவே வந்தார், வேவு பார்க்க. டாக்டர் செண்பகம் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேலை சுத்தமாத்தான் இருக்குது" என்றார்.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"இருங்க, மெஷினைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு இன்னொரு படம் எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

புதுப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இந்தப் பல்லுக்குப் பொதுவா ரெண்டு வேருதான். சில பேருக்கு நாக்குப் பக்கமா மூணாவது ஒண்ணு வளைஞ்சு இருக்கும். நேரா எடுத்தா கன்னத்துப் பக்க வேரு அத மறைச்சிடும். உங்களுக்கு இருக்குது. உள்ள நரம்பு அப்படியே கெடக்குது. வலிக்காம என்ன செய்யும்?"

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். என் வாயில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு வேர்தான் கூடுதலாக இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, கேப்பைக் கழற்றி, அந்த வேரையும் சுத்தம் செய்தார். கோணிய வாயோடு, "கேட்டீங்களா மாமி?" என்றேன். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

மாமி முக்காட்டை விலக்கினார்.

"டாக்டரம்மா, எனக்கும் பாத்துடுங்க. இவ மாமனாரு சவுதியில இருந்தப்பவே புடிச்ச வலி, வர்றதும் போறதுமா இருக்குது. நடிக்கிறேன்னு என் மாமி சொன்னாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்றதயே வுட்டுட்டேன்."

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, அவர் கையைப் பிடித்தேன்.

"நடிக்காம உக்காருங்க மாமி."

இத்தனை மாதத்தில் முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம்.