நான் தொலைத்த ஐந்தரை மணி நேரம்

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று வீட்டுக்கு, மற்றது எனக்கு. என்னுடையது எப்போதும் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். ரிப்பேர் ஒன்றுமில்லை. நான் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வானிலைப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். வானிலைக் குறிப்பை உலகம் முழுக்க கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டும். எங்கள் பாஷையில் அதற்கு 'ஜூலு' என்று பெயர். ஊருக்கு ஊர் மணி மாறினால், மேலே பறக்கிறவன் எந்த மேகம் எப்போது வந்தது என்று கணக்குப் போட்டே இறங்க மறந்துவிடுவான்.

கல்யாணமான புதிதில், "பன்னண்டு மணிக்கு வந்துடறேன்" என்று சாவித்ரியிடம் சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், வாசலில் நின்றேன். இவ்வளவு துல்லியமான புருஷனுக்கு அன்று கிடைத்தது ஆறிப்போன ரசம்.

அதோடு திருந்தியிருக்கலாம். எங்கள் பெண் ஸ்ம்ருதி பிறந்த காலையில் எனக்கு நைட் ஷிஃப்ட் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: பெண் குழந்தை, ஏழு பத்துக்கு. காது ஏழு பத்து என்று கேட்டது, கை 0140 என்று எழுதியது. பக்கத்தில் ஜூலு என்பதற்கு ஒரு இசட் போட்டிருக்க வேண்டும். அப்பாவாகிவிட்ட பதற்றத்தில் போடவில்லை. அதே சீட்டைத்தான் ஜோசியரிடம் கொடுத்தேன். அவர் ராத்திரி ஒன்று நாற்பது என்று எடுத்துக்கொண்டு, பூச நட்சத்திரம் என்று எழுதிவிட்டார். நேரத்தை நாழிகையில் குறித்திருந்தார். நாழிகை படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை.

இருபத்தேழு வருஷம் கழித்து, போன திங்கட்கிழமை, நிச்சயதார்த்தத்துக்காகப் பழைய போட்டோ தேடியபோது ஆஸ்பத்திரி அட்டை கிடைத்தது. காலை 7.10. போனில் இருந்த பஞ்சாங்க ஆப்பில் மறுபடி கணித்துப் பார்த்தேன். பூசம் அதற்குள் முடிந்து, ஆயில்யம்.

ஆயில்யப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தரின் அம்மா சந்திரிகா அப்படி நம்புகிறவர். கணவரை இழந்தவர், ஒரே பிள்ளை. பொருத்தம் பார்த்து, திருப்தியாகித்தான் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். ஸ்ம்ருதியோ, சிறுசேரி ஆபீஸிலிருந்து வந்ததும் போனைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிற நிலைமையில் இருந்தாள்.

"பேசாம இருங்கோ," என்றாள் சாவித்ரி. "இத்தனை வருஷமா பூசம்னு சொல்லித்தான் அர்ச்சனை பண்ணினோம். பெருமாளுக்கு அவ யாருன்னு தெரியாமலா போச்சு?"

"பெருமாளுக்குத் தெரியும். சந்திரிகா மாமிக்குத் தெரியாதே."

"உங்களுக்கு ஜாதகத்துல நம்பிக்கையே கிடையாது. இப்ப என்ன புதுசா?"

புதன்கிழமை காலை சந்திரிகா மாமி வீட்டுக்குக் கிளம்பி, பெருங்களத்தூர் சிக்னலில் இருபது நிமிஷம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். முன்னும் பின்னும் பஸ். திரும்ப வழியில்லாததால் நேர்மையாக இருந்தேன் என்றும் சொல்லலாம்.

சந்திரிகா மாமி கதவைத் திறந்தார். "வாங்கோ மாமா. மாமி வரலையா?"

"அவ வந்தா என்னைப் பேச விடமாட்டா."

அட்டையையும் ஜாதகத்தையும் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமி அட்டையை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் மாறியது.

"ஆயில்யமா?"

"ஆமாம்."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவே போறதில்லை."

"எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு மாமி. தப்பான ரிப்போர்ட் போயிடுத்துன்னா, திருத்தம்னு தலைப்புப் போட்டு மறுபடி அனுப்பணும். அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா மேல ஒருத்தன் அதை நம்பிப் பறந்துண்டிருப்பான்." ஜாதகத்தைத் தொட்டுக் காட்டினேன். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருக்கு. பறக்கப்போறது நீங்க."

மாமி எழுந்து உள்ளே போனார். குக்கர் இரண்டு விசில் அடித்தது. சுவரில் மாலையோடு மாட்டியிருந்த அவர் கணவரின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபியோடு வந்தவரும் அதைத்தான் பார்த்தார்.

"பத்துக்கு ஒன்பது பொருத்தம் எங்களுக்கு. மணி, நாழிகை எல்லாம் சரியாத்தான் இருந்தது. அவருக்கு அம்பத்தெட்டு முடியலை, போயிட்டார்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "போன மாசம் கண் டாக்டர்கிட்ட உங்க பொண்ணுதான் என்னைக் கூட்டிண்டு போனா. கண்ல மருந்து விட்டதுல ஒண்ணும் தெரியலை. படியில இறங்கறப்ப, இன்னும் மூணு, இன்னும் ரெண்டுன்னு சொல்லிண்டே வந்தா."

நான் டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"பயமா இல்லைன்னு சொல்லமாட்டேன் மாமா. கொஞ்சம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்." அட்டையை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு தினசரிக் காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினார். "வெள்ளிக்கிழமை நாங்க எத்தனை மணிக்கு வரணும்? எழுதிக் குடுங்கோ."

தாளின் பின்பக்கத்தில் 9.15 என்று எழுதினேன்.

மாமி வாங்கிப் பார்த்தார். திருப்பி நீட்டினார்.

"எந்த ஊர் நேரம்னு பக்கத்துல போடுங்கோ."

இந்திய நேரம், காலை என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.