மரத்தெருவுக்குத் திரும்பிய வண்டி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கடை நடத்திவந்த சிவஞானம், பதுளைக் கடைவீதியில் சொந்தமாகத் துணிக்கடை போட்டான். ஒரு நல்ல நாளில் மனைவி பரிமளத்தையும் சாமான்களையும் மாட்டுவண்டியில் ஏற்றி அழைத்து வந்தான். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பரிமளத்துக்கு நிலைகொள்ளவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பனியையும் தேயிலையையும் தவிர வேறெதையும் பார்த்திராதவள் அவள்.

ஊருக்குள் ஒரு தெருவில் வண்டி திரும்பியது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் பந்தல் போட்டிருந்தன. பெருக்கிவிட்ட சரளைப் பாதை, வாசல்தோறும் பூச்செடிகள், முனையில் விளக்குக் கம்பம்.

"நம்ம வீடு இங்கதானுங்களா?"

"இல்ல, கடைக்குப் பின்னால. இதவிட ரெண்டு மடங்கு பெருசு."

பெரிதுதான். ஆனால் வாசலுக்கு எதிரே வண்டிப்பேட்டை. சாணமும் சேறும், விடாத கூச்சல். பரிமளம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"வீட்டுக்குள்ளதானே இருக்கப் போற? வெளிய எப்படி இருந்தா என்ன?" என்றான் சிவஞானம்.

"கதவத் தொறந்தா வெளியதானுங்களே?"

"மாடு களைச்சுப் போச்சுங்க, எறக்கவா வேணாமா?" என்று வண்டிக்கார லிங்கம் முனகினான். அந்த நேரம் சாவியோடு வந்த வீட்டுக்காரர் ஹுமைத், விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தத் தெருவிலயும் எனக்கொரு வீடு இருக்கு. எங்கட ராத்தா ரஹ்மத்தும்மாதான் அதில இருக்கிறா. அந்தத் தெருவே வாணாமெண்டு நாளும் என்னோட சண்டை. வாங்க, கேட்டுப் பாப்பம்!"

வண்டி வந்த வழியே திரும்பியது. தம்பி ஹுமைத் பேசி முடிப்பதற்குள் அக்கா ரஹ்மத்தும்மா துள்ளி எழுந்துவிட்டாள்.

"பேட்டைக்கு முன்னாலயா? நாலு மனிசர்ட மொகம் பாக்கலாம், ஊர்க் கதையெல்லாம் காதுல விழும்! இங்க மரத்தயும் காக்காயயும் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியமே புடிச்சிரும் புள்ள!" என்று பரிமளத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பரிமளம் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, அவளுடைய பானைகளைத் தானே வெளியே சுமந்து வந்தாள். ரஹ்மத்தும்மாவின் சாமான் வெளியேற, பரிமளத்தின் சாமான் உள்ளே போக, தெருவே வேடிக்கை பார்த்தது. லிங்கம்கூடப் புலம்பலை மறந்து கட்டிலுக்குத் தோள் கொடுத்தான்.

சிவஞானத்துக்கு மட்டும் முகம் தெளியவில்லை. வீடு சின்னது, கடையோ தூரம். "தெனமும் நான்ல நடக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

சாயங்காலம் பரிமளம் வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருமுனை விளக்கை ஏற்றியிருந்தார்கள். கடையிலிருந்து வந்த சிவஞானம் வீட்டுக்குள் வராமல், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்க, சோறு ஆறுது."

"ஆறட்டும். அந்த முனை வரைக்கும் போயிட்டு வருவமா?"

கல்யாணமாகி இதுவரை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பரிமளம் சோற்றைக்கூட மூடிவைக்காமல், அவன் கூடவே தெருவில் இறங்கினாள்.