கடைசிப் படிக்கு அப்புறம்

"இந்த ஒரு முழத்த மட்டும் வெட்டி எடுத்துடுங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. மாடிப்படியில் புதிதாகப் பொருத்திய கைப்பிடிக் கம்பி கடைசிப் படியோடு நிற்காமல், தரைக்கு வந்த பிறகும் ஒரு முழம் நீண்டிருந்தது. "வாச்மேன் மாதிரி வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. என் பையன் வண்டிய எப்படி உள்ள விடுவான்?"

வெல்டர் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். "சொல்லுங்க சார், ஒரு நிமிஷ வேலை. அம்மா முகத்துல சிரிப்பப் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்."

"வேணாம்ண்ணே," என்றான் அவன்.

சுகாதாரத் துறையின் விபத்துத் தடுப்புப் பிரிவில் இருந்தான் அவன். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளில் யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது வேலை. விழுந்தவர்களைப் பற்றி ஊரே பேசும். விழாதவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. அதனாலேயே அவனுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. படிகளைப் பொறுத்தவரை அவனுக்குச் சந்தேகமே கிடையாது. நடுப்படிகளில் எல்லோரும் கவனமாகத்தான் இறங்குவார்கள். தரை வந்துவிட்டது என்று கால் நினைத்துக்கொள்ளும் கடைசிப் படியில்தான் ஆள் விழுவது. கம்பியும் அங்கேயே முடிந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

வீட்டுக்காரம்மாவின் மருமகளுக்கு இது நிறைமாதம். போன வாரம் அந்தப் படியில்தான் கால் சறுக்கி, சுவரில் சாய்ந்து தப்பித்திருந்தாள்.

"அவ கொஞ்சம் பார்த்து இறங்கினா போதாதா? நாங்கல்லாம் புள்ள பெறலயா?"

அவன் ஓரமாக இருந்த துணிக்கூடையைத் தூக்கி வீட்டுக்காரம்மாவின் கையில் கொடுத்தான். "இப்படியே நின்னு கீழ பாருங்கம்மா. உங்க கால் தெரியுதா?"

கூடையை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். "தெரியல."

"அவங்களுக்குக் கூடையே வேணாம்."

மாடியிலிருந்து மருமகளின் சிரிப்பு கேட்டது. "நான் என் காலப் பார்த்து மாசக்கணக்காச்சு அத்தை!"

வீட்டுக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "ரொம்பத்தான் சட்டம் பேசறே தம்பி. உன் வீட்டுல இப்படித்தான் நீட்டி வச்சிருக்கியா?"

"எங்க வீட்ல கம்பியே இல்லம்மா," என்றான், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல. "இருந்திருந்தா என் பொண்டாட்டி இருந்திருப்பா."

இத்தனை நாள் கூடவே சுற்றிய வெல்டருக்கு இது தெரியாது. மெஷினின் ஒயரை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். வீட்டுக்காரம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"வண்டி வெளியவே நிக்கட்டும்," என்றாள் வாசலைப் பார்த்து. "கரைஞ்சா போயிடும்?"

அவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. "இறங்கி வாங்க," என்று மாடியைப் பார்த்துச் சொன்னான்.

மருமகள் இறங்கினாள். கை கம்பியோடு வழுக்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படி. ஒரு கால் தரையைத் தொட்டது, பிறகு மற்றது. கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. தரையில் ஓர் எட்டு எடுத்து வைத்த பிறகே விட்டாள்.

"நல்லா இருக்குண்ணா," என்று சொல்லிக்கொண்டே அவனைக் கடந்து உள்ளே போனாள்.

அவள் போன பிறகுதான் கவனித்தான். அவனுடைய இரண்டு கைகளும் எதையோ ஏந்துவதற்காக முன்னால் நீண்டிருந்தன.