சாட்சி சொல்ல வந்தவள்

உள்ளங்கையில் இரண்டு சில்லறைக் காசுகள் விழுந்ததுமே டெல்பினா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வைத்தவர் கூட்டத்தை நடத்தும் ஆசல் மாமா. காசு வாங்கினால் சாட்சி. சாட்சி என்றால் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுந்து சொல்ல வேண்டும். பிற்பாடு யார் கேட்டாலும் மறுபடி சொல்ல வேண்டும். கனடாவின் பூர்வகுடிகளான ஆற்றங்கரை ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய பத்திரம் கிடையாது.

பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மன்னிப்பு விழாவுக்குக் கம்பளி, மேளம், சாட்சி எல்லாம் இருந்தால் களைகட்டும் என்று ஆசைப்பட்டார்கள். சாட்சி என்றால் முன்வரிசையில் உட்கார்ந்து படத்துக்குச் சிரிப்பது என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

பல்கலைக்கழகத் தலைவர் ஹாமில், மரியாதைக்குப் போர்த்திய கம்பளியோடு மன்னிப்புக் கேட்டார். குரல்கூடத் தழுதழுத்தது. "உங்க முன்னோர்களோட எலும்புகளைத் தோண்டி எடுத்துட்டு வந்தது தப்பு. திருப்பித் தந்துடுவோம்" என்றார். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

டெல்பினாவுக்குத் தெரியும். போன வாரம் தன் அறையில் வைத்து அவளிடமே சொல்லியிருந்தார்: "ஆராய்ச்சி பாதியில நிக்குது. அஞ்சாறு வருஷம் போகட்டும். இது நமக்குள்ள இருக்கட்டும்." ஒப்பந்த ஆசிரியையான அவளை நிரந்தரமாக்குவதும் அவர் கையில்தான் இருந்தது.

மற்ற மூன்று சாட்சிகளும் மேடையில் கேட்டதைச் சொல்லி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு என்ன, மேடைக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

"எந்திரிம்மா டெல்பினா. மைக்கைப் பாத்து என்ன முழிக்கிற? அது கடிக்காது" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது.

இரண்டு நல்ல வார்த்தை சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் அவள் எழுந்தாள். கைகுலுக்குவதுபோல் ஹாமில் நெருங்கி வந்து காதோடு சொன்னார்: "அடுத்த வாரம் உங்க வேலை விஷயம் வருது. பாத்துப் பேசுங்க."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நான் கேட்டதைச் சொல்றேன். திருப்பித் தருவோம்னு இப்ப சொன்னாரு. அஞ்சாறு வருஷம் போகட்டும்னு போன வாரம் சொன்னாரு. என் வேலையை நெனச்சுப் பாத்துப் பேசச் சொல்லி இப்ப காதுல சொன்னாரு. அதுவும் என் காதுலதான் விழுந்துச்சு. அதையும் சொல்லித்தானே ஆகணும்?"

ஹாமிலின் முகம் சிவந்தது.

"சாப்பிட்டுட்டுப் பேசலாமே" என்றார்.

"கூடின வேலை முடியாம இங்க யாரும் கரண்டியத் தொட மாட்டாங்க, ஐயா" என்றார் மாமா. "எங்களுக்கு அவசரமில்ல. நூறு வருஷமா காத்துக்கிட்டுதான் இருக்கோம்."

மீன் சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழவில்லை. ஹாமில் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை டெல்பினா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஜூலையில" என்றார் கடைசியில். "ஆத்துல சால்மன் மீன் ஏறுறதுக்குள்ள."

"சாட்சிங்க கேட்டீங்களா?" என்றார் மாமா.

"கேட்டோம்" என்றார்கள் நால்வரும்.

அடுத்த வாரம் அந்த வேலை டொராண்டோவிலிருந்து வந்த யாருக்கோ போனது. டெல்பினா காருக்குள் உட்கார்ந்து ஹாமிலையும் மாமாவையும் சேர்த்துத் திட்டி அழுதாள்.

ஜூலையில் பல்கலைக்கழக நிலவறை திறந்தது. பெட்டிகளை ஆளுக்கொன்றாக நீட்டினார்கள். கனக்கும் என்று இரண்டு கையையும் நீட்டியவளுக்கு வந்தது செருப்புப் பெட்டி அளவுகூட இல்லை. உள்ளே ஒரு கைக்குழந்தையின் எலும்புகள்.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வாடா தங்கம், வீட்டுக்குப் போலாம்" என்றாள்.