வாசற்படிச் சாட்சி

பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாசல் நிலைக்கு மேலே சொருகி வைத்துவிட்டுத்தான் சின்னத்தாயின் புருஷன் ஊர்க்காவலன் அன்றைக்கும் வேனுக்குக் கிளம்பினான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற ஆம்பளைகள் எல்லோரும் இப்படித்தான். சிலர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், சிலர் பொண்டாட்டி கையில். இவனுக்கு நிலைக்கட்டை.

"சாயங்காலம் வந்து எண்ணிப் பாப்பேன்ட்டி. ஒண்ணு கொறஞ்சாலும் நீதான் குடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

"சொல்லுங்க. எனக்கும் ஒரு பேரு கெடைக்கட்டும்" என்றாள் சின்னத்தாய்.

அதே வேனில் அவளும் ஏறினாள். அவளுக்குத் திரி வெட்டுகிற செட்டு, அவனுக்கு மருந்து கலக்குகிற ரூம்பு. அன்று மத்தியானம் அந்த ரூம்பு வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தது. ரூம்புக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். தீபாவளி ஆர்டருக்காக அதற்கு மேல் ஆளைத் திணித்தார்கள் என்று முதலாளி மேலும் போர்மேன் ரத்தினசாமி மேலும் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. அவர்கள் தரப்பு வேறு கதை சொன்னது: சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் தாங்களாகவே உள்ளே கூடி அரட்டை அடித்தார்கள், ஊர்க்காவலன் பீடி பற்றவைத்தான். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப்போகிறான்? இத்தனை பேரைக் கொன்றவன் என்று அவன் பேர் நின்றுவிடும். சின்னத்தாய்க்குச் சோறு இறங்காமல் போனது அதனால்தான்.

சாட்சி சொல்ல வந்தவளை முதல் தடவை வாய்தா என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை உடம்புக்கு முடியாமல் அவளே வரவில்லை. இன்றைக்கு வராந்தா பெஞ்சில் உட்காருவாள், எழுந்து குழாயடிக்குப் போவாள், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வருவாள்.

"ஏத்தா, ஒரு எடத்துல இரேன். உன்னையப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றாள் பஞ்சம்மாள். திரி வெட்டுகிற செட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். துணைக்கு வந்தாளே தவிர மனசு முழுதாக வரவில்லை. "நீ பேசப்போயி கம்பெனியப் பூட்டிட்டா நாங்க எங்கன போவோம்? டெல்லிக் கோர்ட்டு சரவெடி கட்டக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுச்சு, பாதிப் பேரு வீட்டுல குந்தியிருக்கோம். கோர்ட்டுன்னாலே அடுப்புல தண்ணி ஊத்துறதுதான்."

அரசு வக்கீல் இசைவாணி வழக்குக் கட்டுகளை அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். காதில் விழுந்துவிட்டது.

"அது வேறக்கா. டெல்லியில நாட்டுக்கே பொதுவா எது ஆகும், எது ஆகாதுன்னு பாத்தாங்க. இங்க ஒரு ரூம்பு, ஒரு மத்தியானம், யாரு தப்பு. அம்புட்டுத்தான்." பிறகு சின்னத்தாயின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இந்தத் தீர்ப்பு பிடிக்காம யாராச்சும் மதுரைக்கு அப்பீல் போவாங்க. அதுக்கும் மேல டெல்லிக்கும் போகலாம். அங்கெல்லாம் பெரும்பாலும் உங்களக் கூப்பிட மாட்டாங்க. இன்னைக்கு நீங்க சொல்றத டைப் அடிப்பாங்கல்ல, அதைத்தான் வாசிப்பாங்க. எதையும் முழுங்கிறாதீங்க."

சின்னத்தாய் மறுபடி எழுந்து குழாயடிக்குப் போய் வந்தாள்.

கோர்ட்டு டவாலி உள்ளே நின்றபடியே கூப்பிட்டார். "சின்னத்தாய்!"

அவள் விறுவிறுவென்று வாசல்வரை போனாள். அங்கேயே கால் நின்றுவிட்டது. உள்ளே கறுப்புக் கோட்டுகள், போலீஸ்காரர்கள், அடுத்த வழக்குக்காரர்கள் என்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சின்னத்தாய்!"

"போத்தா, உன்னையத்தான்" என்று பஞ்சம்மாள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"ஆளு நெறைய இருக்கு. ஒருத்தராச்சும் வெளிய வரட்டும்."

மூன்றாவது தடவையும் கூப்பிட்ட டவாலி, கூட்டத்துக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று நீதிபதியிடம் சொன்னார். முதலாளி தரப்பு வக்கீல் உடனே எழுந்து, இந்தச் சாட்சி போன தடவையும் வரவில்லை என்று ஆரம்பித்தார். இசைவாணி பதறித் திரும்பியபோது, தன் சாட்சி வாசற்படியில் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நிற்பதைக் கண்டாள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் கூண்டில் ஏற்றினாள்.

"கூப்பிட்டது கேட்கலையாம்மா?" என்றார் நீதிபதி.

"கேட்டுச்சுய்யா. உள்ள ஆளு அதிகமா இருந்துச்சு. கம்பெனியில அப்பிடி இருந்தா நாங்க உள்ள போகமாட்டோம். அதான், பழக்கத்துல..."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இசைவாணி கேட்கவேண்டியதைக் கேட்டு, பீடியை நிலையில் சொருகிவிட்டு வந்ததையும் சொல்லவைத்து உட்கார்ந்தாள். எதிர்த் தரப்பு வக்கீல் நிதானமானவர். குரலை உயர்த்தவே இல்லை.

"வெடிக்கும்போது நீங்க வெளியேதான் இருந்தீங்க. போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கீங்க?"

"ஆமாய்யா."

"அப்ப உள்ளே யார் என்ன செஞ்சாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சின்னத்தாய் கூண்டுக் கம்பியைப் பிடித்தாள். வெளியே என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் எம்புட்டுத் தூரம் இருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"வெடிக்கும்போதுதான்யா மரத்தடியில இருந்தேன். அதுக்குச் செத்த நேரம் முன்ன, இப்ப நின்னேன்ல, அங்கன மாதிரி நின்னேன். வாசப்படியில. அவுகளுக்குச் சோத்துத் தூக்கு கொண்டுபோனேன். உள்ள பாத்தா ஏழு பேரு. யாரும் சும்மா இல்ல. போர்மேன் மூணு பேர கூடக் கொண்டாந்து உக்கார வச்சிருந்தாக. எங்க வீட்டுக்காரரு ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் மருந்துக்குள்ள விட்டு அளைஞ்சுக்கிட்டிருந்தாக. 'எடம் இல்லட்டி, தூக்க நெழல்ல வச்சுட்டு இரு, வாரேன்'னாக. மரத்தடிக்குத்தான் போனேன். தூக்கக் கீழ வைக்கல, அதுக்குள்ள..."

கோர்ட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய செருப்பு அங்கே கிடந்தது. நீதிபதி வார்த்தை வார்த்தையாகச் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

வக்கீல் விடவில்லை. "பீடியை வீட்டிலேயே வச்சுட்டுப் போனார்னு சொல்றீங்க. வேன் ஏறுறதுக்கு முன்னால டீக்கடையில வேற வாங்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இசைவாணி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மொதல்லயே ஏறிட்டேன்யா. கடையில நான் பாக்கல."

"அதாவது, தெரியாது."

"தெரியாது."

அதையும் டைப் அடித்தார்கள்.

வெளியே வந்ததும் பஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வாங்கலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானத்தா? கோயிலா இது?"

"சொல்லியிருக்கலாமோ?" பஸ் நிலையம் போய்ச் சேருவதற்குள் சின்னத்தாய் அதை நாலைந்து தடவை கேட்டுவிட்டாள். பஞ்சம்மாள் கடைசியில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். இன்னும் ரத்தினசாமி தரப்புச் சாட்சிகள் பாக்கி, தீர்ப்புக்கு நாளாகும் என்று இசைவாணி சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தவள், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். உள்ளே யாரும் இல்லை. எக்கி, நிலைக்கு மேலே கையை விட்டுத் தடவினாள்.

பீடிக்கட்டு அங்கேதான் இருந்தது. அதை ஒட்டித் தீப்பெட்டி.